'நெஞ்சு கரிக்குதும்மா!' - டீன் ஏஜ் பிள்ளைகளை விடாமல் துரத்தும் எதுக்களிப்பு

"எம்மா, சாப்பிட்டது தொண்டை வரைக்கும் வந்துட்டுப் போகுது..."

"நெஞ்சுக்குள்ள மொளகாப்பொடி தூவுன மாதிரி எரியுது..."

"காலையில எந்திரிச்சா வாயெல்லாம் புளிக்குது..."

பத்தாவது, பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற புலம்பல்கள் இவை. வீட்டில் இருக்கிறவர்களிடம் பதிலும் தயாராக இருக்கும். "நேத்து ராத்திரி புரோட்டா தின்னேல்லா, அதான்!" என்பார் அம்மா. "ஒரு சோடாவைக் குடி, சரியாப் போயிரும்" என்பார் அப்பா. "வாயுவா இருக்கும், பூண்டைச் சுட்டுக் குடு" என்பார் ஆச்சி. பரீட்சை நெருங்கும் சமயம் என்றால், "படிக்கச் சொன்னா மட்டும் நெஞ்சு எரியுதோ?" என்ற குத்தலும் சேர்ந்துகொள்ளும்.

எப்போதாவது ஒருநாள், கல்யாண வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்ட பிறகு வருகிற எரிச்சலுக்கு இந்தப் பதில்கள் போதும். ஆனால் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று வந்து, அது மாதக்கணக்கில் தொடர்ந்தால்? அதை 'கேஸ்' என்று ஒதுக்கிவிட முடியாது.

இதில் வருத்தமான விஷயம் என்னவென்றால், இரண்டு முறை சொல்லிப் பார்த்து யாரும் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால், பிள்ளைகள் மூன்றாவது முறை சொல்வதையே விட்டுவிடுகிறார்கள். காலைச் சாப்பாட்டை ஒதுக்குவார்கள். பாக்கெட் மணியில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். ராத்திரி எரிச்சலில் தூக்கம் கெட்டு, வகுப்பில் தூங்கி வழிவார்கள். மார்க் குறையும்போதுதான் வீட்டில் கவனிக்கவே ஆரம்பிப்போம்!

கதவு சரியாக மூடவில்லை!

நாம் விழுங்குவது வாயிலிருந்து உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குப் போகிறது. பெரியவர்களுக்கு இந்தக் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். இதன் கீழ்முனையில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சுருக்குப் பையின் வாய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவு வரும்போது திறக்கும். உள்ளே போனதும் இறுக மூடிக்கொள்ளும்.

இரைப்பைக்குள் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதைத் தாங்குவதற்கு இரைப்பையின் உள்சுவரில் வழவழப்பான பாதுகாப்புப் பூச்சு இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்த அளவு பாதுகாப்பு கிடையாது. தசை வளையம் நேரங்கெட்ட நேரத்தில் தளர்ந்து, அமிலம் மேலே ஏறினால்... அதுதான் நெஞ்செரிச்சல். உணவும் அமிலமும் தொண்டை வரை வந்தால், எதுக்களிப்பு.

இந்த வளையம் எப்போது தளர்கிறது? இரைப்பை புடைத்து விரியும்போதுதான் அதிகம். ஆகவே 'என்ன சாப்பிட்டாய்?' என்று கேட்பதோடு, 'எவ்வளவு சாப்பிட்டாய், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய், சாப்பிட்டதும் என்ன செய்தாய்?' என்றும் கேட்க வேண்டும்.

நெஞ்செரிச்சல் இல்லாமலேயே இந்தத் தொல்லை வரலாம். ராத்திரியில் விடாத வறட்டு இருமல், காலையில் கரகரப்பான குரல், தொண்டையில் ஏதோ நிற்பது போன்ற உணர்வு, பல் எனாமல் தேய்ந்து பல் கூசுவது... இவற்றின் பின்னாலும் எதுக்களிப்பு இருக்கக்கூடும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இழுப்பு அதிகமாவதும் உண்டு.

ஒரு மாணவனின் ஒரு நாள்...

பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன பாளையங்கோட்டையையே எடுத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து படிக்கும் பிள்ளைகள் ஏராளம். விடியற்காலையில் கிளம்புகிற அவசரத்தில் காலைச் சாப்பாடு, ஒரு டம்ளர் காபியோடு முடிந்துவிடுகிறது. மத்தியானம் பத்து நிமிஷத்தில் டிபன் பாக்ஸைக் காலி செய்ய வேண்டும். சாயங்காலம் டியூஷனுக்குப் போகிற வழியில் இரண்டு வடையோ பஜ்ஜியோ. ஒன்பது மணிக்கு வீடு திரும்பியதும் அகோரப் பசி! நாள் முழுக்கச் சாப்பிடாததையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் சாப்பாடு. அல்லது கடையில் வாங்கி வந்த புரோட்டாவும் சால்னாவும். அப்புறம் புத்தகத்தோடு குப்புறப் படுத்துக்கொண்டு படிப்பு. பதினோரு மணிக்குத் தூக்கம்.

நிறைந்த வயிறு, எண்ணெய்ச் சாப்பாடு, சாப்பிட்டதும் படுக்கை. அமிலத்தை மேலே ஏற்ற வேறென்ன வேண்டும்? நின்றாலும் உட்கார்ந்தாலும், புவியீர்ப்பு விசை அமிலத்தைக் கீழேயே வைத்திருக்கும். படுத்துவிட்டால் அந்த உதவியும் போய்விடுகிறது.

ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வேறு மாதிரிச் சிக்கல். ராச்சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிடும். நடுராத்திரி வரை படிக்கும்போது பசிக்கு மிக்சரும் சிப்ஸும், தூக்கம் வராமலிருக்க காபியும் எனர்ஜி டிரிங்க்கும்!

அப்படியானால், முதலில் மாற்ற வேண்டியது கடிகாரத்தைத்தான். டியூஷனுக்குப் போகும் முன் ஐந்தரை, ஆறு மணிக்கே கொஞ்சம் கெட்டியாகச் சாப்பிடட்டும். மூன்று இட்லி, இடியாப்பம், அல்லது ஒரு கிண்ணம் சாதம். கையில் கட்டிக் கொடுத்துவிட்டாலும் சரி. திரும்பி வந்ததும் பாதி வயிற்றுக்கு லேசான சாப்பாடு. சாப்பிட்டு முடித்து இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் கழித்தே படுக்கை. இந்த ஒரு மாற்றத்திலேயே ராத்திரி எரிச்சல் குறைந்துவிடும் பிள்ளைகள் பலர்.

அல்வாவை நிறுத்தணுமா?

திருநெல்வேலிக்காரரிடம் இதைக் கேட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்! நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அல்வாவில் நெய் அதிகம். கொழுப்பு அதிகமான உணவு இரைப்பையைவிட்டு மெதுவாகத்தான் நகரும். நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம் வாங்கிய அல்வாவை ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுப் படுப்பது வேறு. மறுநாள் மத்தியானம் ஒரு சிறு துண்டு சாப்பிடுவது வேறு.

சொதி விருந்தும் அப்படித்தான். மூன்று பால் தேங்காய் எடுத்துச் செய்கிற சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு எல்லாம் மத்தியான விருந்துக்குப் பொருத்தம். ராத்திரிக்கு வேண்டாம். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுக்கும் உளுந்தங்களி சத்தானதுதான். எரிச்சல் உள்ள பெண்ணுக்கு அளவைக் குறைத்து, எண்ணெயையும் குறைத்துக் கொடுங்கள்.

புளிக்குழம்பு, காரம், தக்காளி, எலுமிச்சை, சாக்லேட், காபி... இவை எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல முடியாது. ஒருவருக்கு எரியும், ஒருவருக்கு ஒன்றும் செய்யாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு வளர்கிற பிள்ளையைப் பத்தியக்காரனாக்கிவிட வேண்டாம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டேன், எப்போது எரிந்தது, எப்போது படுத்தேன் என்று. பதினைந்தாவது நாள் எதிரி யார் என்று நோட்டே காட்டிக்கொடுக்கும்!

சோடா குடித்தால் நல்லாத்தானே இருக்கு?

சோடா குடித்ததும் பெரிய ஏப்பம் வரும். 'அப்பாடா' என்றிருக்கும். ஆனால் அந்த வாயு இரைப்பையை ஊதவைக்கிறது. ஏப்பம் வெளியேற அந்தத் தசை வளையம் திறந்தாக வேண்டும். திறந்த கதவு வழியாக அமிலமும் கூடவே வரலாம். இஞ்சி சோடா, பன்னீர் சோடா, கோலா எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பால்? குடித்த உடனே இதமாக இருக்கும். ஆனால் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் சிறிது நேரத்தில் அமிலச் சுரப்பைத் தூண்டிவிடும். படுக்கப்போகும் நேரத்தில் ஒரு பெரிய டம்ளர் பால் இவர்களுக்கு ஏற்றதல்ல.

இன்னொரு விஷயத்தைப் பெற்றோர் பக்குவமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிகரெட்டும், உதட்டுக்குள் வைக்கிற புகையிலைப் பொட்டலமும். நிக்கோடின் அந்தத் தசை வளையத்தைத் தளர்த்திவிடும்.

படுக்கையில் ஒரு சின்ன மாற்றம்

ராத்திரியில் எரிச்சல் வருகிற பிள்ளைகளின் கட்டிலில், தலைமாட்டுப் பக்கத்துக் கால்களுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கனமான மரக்கட்டை வையுங்கள். ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தலையணைக்கு மேல் தலையணை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு அழுந்தும். தரையில் பாய் விரித்துப் படுக்கிற பழக்கமா? பத்தமடைப் பாயாகவே இருந்தாலும், இடுப்புக்கு மேலே முதுகும் தோளும் சரிவாக உயரும்படி அடியில் ஜமுக்காளத்தையோ மெத்தையையோ மடித்துப் போடுங்கள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. அப்போது இரைப்பை உணவுக்குழாயின் வாயைவிடத் தாழ்வாக இருக்கும்.

இறுக்கமான பெல்ட், இறுக்கமான ஜீன்ஸ், இழுத்துக் கட்டிய சுடிதார் நாடா, இவையும் வயிற்றை அழுத்தி அமிலத்தை மேலே தள்ளும். சாப்பிட்டவுடன் குனிந்து வேலை செய்வது, தலைகீழ் ஆசனங்கள் வேண்டாம். உடல் எடை அதிகமாக இருந்தால், அதைக் குறைப்பதே பெரிய வைத்தியம்.

மாத்திரை... எப்படி, எத்தனை நாள்?

ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் போன்ற மாத்திரைகள் அமிலம் சுரப்பதையே குறைக்கின்றன. நல்ல மருந்துகள்தான். ஆனால் எரியும்போது மிட்டாய் மாதிரி ஒன்று போட்டுக்கொள்வதில் பெரிய பலன் இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு, கடிக்காமல் முழுதாக விழுங்க வேண்டும்.

2018ல் வட அமெரிக்க, ஐரோப்பிய குழந்தைகள் இரைப்பை - குடல் மருத்துவர்களின் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், நெஞ்செரிச்சல் உள்ள வளர்ந்த பிள்ளைகளுக்கு 4 முதல் 8 வாரம் இந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பலன் இல்லை என்றாலோ, நிறுத்தியதும் திரும்ப வந்தாலோ, மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தொடரக் கூடாது. நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்த அமிலச் சுரப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பும். 'மாத்திரை இல்லாம முடியலை' என்று பிள்ளை பயந்துபோகும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்கலாம்.

கடையில் எளிதாகக் கிடைக்கும் சில கூட்டு மாத்திரைகளில் டோம்பெரிடோன் என்ற மருந்தும் சேர்ந்திருக்கும். இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடும் என்பதால் 2014ல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. தானாக வாங்கிச் சாப்பிடுகிற மருந்து அல்ல இது. அதே மாதிரி, வீட்டு மருந்து டப்பாவில் பழைய ரானிடிடின் அட்டை இருந்தால் எடுத்துக் கொடுக்காதீர்கள். புற்றுநோயைத் தூண்டக்கூடிய ஒரு மாசுப்பொருள் அதில் காணப்பட்டதால், 2020ல் அமெரிக்காவில் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2022ல் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது.

மாத்திரையே வில்லனா?

ஆமாம், அதுவும் உண்டு! முகப்பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால், அது உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். நேற்று வரை நன்றாக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று விழுங்கும்போது நெஞ்சில் கடுமையான வலி வந்தால், 'என்ன மாத்திரை போட்டாய்?' என்று முதலில் கேளுங்கள். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும்.

மாதவிலக்கு வலிக்கு வெறும் வயிற்றில் போடும் இபுபுரூஃபென், மெஃபனமிக் ஆசிட் மாத்திரைகளும், இரும்புச்சத்து மாத்திரைகளும் சில பெண்களுக்கு எரிச்சலைக் கிளப்பும். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாமல், சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் சித்த மருத்துவத்தை நம்புகிறவர்களும் அதிகம். பாளையங்கோட்டையில் 1964லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே முறைப்படிப் படித்த மருத்துவரைப் பாருங்கள். யாரோ சொன்னார்கள் என்று அதிமதுரப் பொடியை மாதக்கணக்கில் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஏறவும், உடலில் பொட்டாசியம் குறையவும் கூடும். இரண்டு வைத்தியமும் நடந்தால், இரண்டு டாக்டரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

வயிற்றில் ஒரு ஜன்னல்!

1822ல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற வாலிபருக்கு வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை! வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட், அந்த ஓட்டை வழியாகப் பட்டு நூலில் உணவைக் கட்டி இறக்கி, எது எவ்வளவு நேரத்தில் செரிக்கிறது என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். 1833ல் புத்தகமாகவும் வெளியிட்டார். கொழுப்பு உணவு மெதுவாகச் செரிக்கிறது, கோபம் செரிமானத்தைக் கெடுக்கிறது... இரண்டையும் அவர் நேரிலேயே பார்த்தார்.

பரீட்சை பயமும் அப்படித்தான். டென்ஷனில் இருக்கும்போது கொஞ்சம் அமிலம் ஏறினாலும் எரிச்சல் பல மடங்காகத் தெரியும். அதனால் 'எல்லாம் மனசுதான்' என்று சொல்லிவிடாதீர்கள். எரிச்சல் நிஜம். ஒரு கையை வயிற்றில் வைத்து, வயிறு உப்பும்படி மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, மெதுவாக விடும் பயிற்சியைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிஷம் உட்கார்ந்தபடி செய்யலாம். உதரவிதானம் வேலை செய்யும்போது அந்தத் தசை வளையத்துக்கும் பலம் கிடைக்கிறது.

எல்லா எரிச்சலும் அசிடிட்டி அல்ல

சாப்பிட்ட சில நிமிஷங்களிலேயே குமட்டல் இல்லாமல் உணவு வாய்க்கு வந்து, பிள்ளை அதைத் திரும்ப மென்று விழுங்குகிறதா? அது அசைபோடும் கோளாறாக இருக்கலாம். மேலே சொன்ன மூச்சுப் பயிற்சிதான் அதற்கு முக்கிய சிகிச்சை. சோறும் இறைச்சியும் அடிக்கடி தொண்டையில் அடைத்து நிற்கிறதா? ஒவ்வாமையால் உணவுக்குழாய் வீங்கும் நோயாக இருக்கலாம். மேல் வயிற்றில் வலி என்றால், ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியால் வரும் புண்ணா என்று பார்க்க வேண்டியிருக்கும். இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. சாப்பிட்டுவிட்டு ரகசியமாக விரலைவிட்டு வாந்தி எடுக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது திட்டு அல்ல; மனநல மருத்துவரின் உதவி.

உடனே டாக்டரைப் பாருங்கள்!

* விழுங்க முடியவில்லை, விழுங்கினால் வலிக்கிறது
* வாந்தியில் ரத்தம், அல்லது காபித்தூள் நிறம்
* தார் போன்ற கறுப்பு மலம்
* காரணமில்லாமல் எடை குறைவது, வளர்ச்சி நிற்பது
* ரத்தசோகை
* விடாத வாந்தி, பச்சை நிற வாந்தி
* தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்துகொள்வது
* ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், படபடப்பு (இது இதயம் சம்பந்தப்பட்டதாகவும் இருக்கலாம்)

இவை இல்லாவிட்டாலும், பழக்கங்களை மாற்றி இரண்டு, மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். நெல்லையில் இருப்பவர்கள் ஹைகிரவுண்ட் என்று நாம் சொல்லும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஓ.பி.க்குப் போகலாம். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற எண்ணில் கேளுங்கள். முதல் நாளே எண்டோஸ்கோப்பி என்று பயப்பட வேண்டியதில்லை. அபாய அறிகுறி இருந்தாலோ, மருந்துக்குக் கேட்காவிட்டாலோதான் பெரும்பாலும் அது தேவைப்படும். போகும்போது அந்த நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பதினைந்து நாள் செய்து பாருங்கள்

காலை: சின்னதாக இருந்தாலும் காலைச் சாப்பாடு கட்டாயம். இட்லியோ, மோர் ஊற்றிய பழையதோ, எது ஒத்துக்கொள்கிறதோ அது. வெறும் வயிற்றில் காபி வேண்டாம்.

பதினோரு மணி: ஒரு வாழைப்பழம் அல்லது நாலு வாய் சுண்டல்.

மத்தியானம்: நிதானமாக மென்று சாப்பிட இருபது நிமிஷம். வயிறு முட்ட வேண்டாம்.

சாயங்காலம் ஆறு மணிக்குள்: கெட்டியான சாப்பாடு.

ராத்திரி: லேசாக. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பு. தலைமாடு உயர்ந்த படுக்கை.

எதுக்களித்தால்: வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கவும். உடனே பல் தேய்த்தால் அமிலத்தில் இளகிய எனாமல் தேயும். அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

இந்த அட்டவணை பிள்ளைக்கு மட்டும் என்றால் மூன்றாம் நாளே கைவிட்டுவிடும். ராத்திரி பத்து மணிக்கு அப்பா புரோட்டா பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, 'உனக்குக் கிடையாது' என்றால் எந்தப் பிள்ளைதான் பொறுக்கும்? பதினைந்து நாளைக்கு வீடு முழுக்கவே சீக்கிரம் சாப்பிடுங்கள். நெஞ்சு எரிகிறது என்று அடுத்த முறை பிள்ளை சொல்லும்போது, "எப்போதிருந்து? ராத்திரி தூங்கினியா?" என்று கேளுங்கள். பாதி வைத்தியம் அந்தக் கேள்வியிலேயே ஆரம்பித்துவிடும்.